நியூட்ரிஷன் படிக்கிறேன்னு சொன்னது தப்பா?

காலேஜ்ல நியூட்ரிஷன் அண்ட் ஃபிட்னஸ் எடுத்திருக்கேன்னு சொன்ன நாள்லேர்ந்து சொந்தக்காரங்க எல்லாரும் தொப்பை குறைய ஒரு சார்ட் குடும்மான்னு வந்து நிக்கிறாங்க, ஆனா முதல் செமஸ்டர்ல நாங்க பண்ணதெல்லாம் தராசுல இட்லிய வெச்சு எடை பாத்து கணக்கு போட்டதுதான். மாவுச்சத்தும் புரோட்டீனும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9, தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவேன்.

24 மணி நேர ரீகால்னு ஒண்ணு இருக்கு, நேத்து என்னென்ன சாப்ட்டீங்கன்னு ஒருத்தர உக்கார வெச்சு கேக்கணும். அம்மாவ புடிச்சேன். "என்னத்தடி சாப்ட்டேன், ரெண்டு இட்லி"ன்னாங்க. தோண்டித் தோண்டி கேட்டா நாலு டீ, தம்பி மிச்சம் வெச்ச உப்புமா, சீரியல் பாக்கும்போது முறுக்கு... புரோட்டீன மட்டும் காணோம்! ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) கணக்குல ஒரு நாளைக்கு உடம்பு எடையில கிலோவுக்கு 0.83 கிராம், அம்மா 60 கிலோ, அப்போ சுமார் 50 கிராம் வேணும், ஒரு முட்டைல கிடைக்கறதே 6தான்.

(ஃபிட்னஸ் எவ்வளவுன்னு பாக்கற ஹார்வர்ட் ஸ்டெப் டெஸ்ட்ல நிமிஷத்துக்கு 30 தடவ வீதம் 5 நிமிஷம் ஒரு படில ஏறி எறங்கணும், நான் மூணாவது நிமிஷமே உக்காந்துட்டேன், அத அம்மாகிட்ட சொல்லல.)

இப்போ சாயங்காலம் முறுக்குக்கு பதிலா சுண்டல். டீ அதே நாலுதான்.