பழைய கணினியில் விழுந்த கேர்னல் சோதனை

மட்டக்களப்பின் கடலோரக் கல்லடியில் பிள்ளைகள் பழகுகிற, இன்டெல் கோர் 2 டூவோ சிப் உள்ள பழைய கணினியொன்றில் புது லினக்ஸ் கேர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியைப் போட்டு, அதைச் சோதிக்க அதோடு வருகிற செல்ஃப்டெஸ்ட் நிரல்களை ஓட்டினேன். எல்லாம் 'ஓகே' என்று போக, ஒன்று மட்டும் 'நொட் ஓகே'.

இந்த உப்புக்காற்றில் முதல் சந்தேகம் ராம் மேல்தான் போகும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை விட்டேன், சுத்தம். அப்புறம் கேர்னல் தன் பதிவுகளை எழுதும் லொக்கைத் திறந்தால் ஒரு வரி: 'டிராப் இன்வலிட் ஒப்கோட்', அதாவது சிப்புக்குத் தெரியாத கட்டளை.

சரி, கேர்னலில் பிழையே இல்லை! சோதனை நிரல், வசதி இருக்கிறதா என்று சிப்பைக் கேட்காமலே, பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளையைக் கொடுக்கிறது. இன்டெல் சிப்களில் ஏவிஎக்ஸ் வந்ததே 2011இல், சாண்டி பிரிட்ஜோடு. இதுவோ 2006இல் வந்த வரிசை. வசதி இல்லாத சிப்பில் சோதனை, 4 என்ற எக்ஸிட் கோடோடு (நிரல் முடியும்போது திருப்பித் தரும் எண்) 'ஸ்கிப்' என்று விலக வேண்டும், அதுதான் முறை. சிப்பில் என்னென்ன வசதி உண்டு என்று சொல்லும் சிபியுஐடியைத் தொடக்கத்திலேயே பார்க்கும்படி சில வரிகள் சேர்த்தேன், இப்போது ஒழுங்காகத் தாண்டுகிறது.

பொய்த் தோல்விகள் குவிந்தால் உண்மையான கோளாறு வரும்போது யார் கண்ணிலும் படாது. பழைய கணினிதானே என்று இதை விட எனக்கு மனம் வரவில்லை, எங்கள் பிள்ளைகள் பலருக்கு இருப்பது அதுதான்.

களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கம் பழைய ஏஎம்டி கணினி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், அதிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். யூஎஸ்பியில் இருந்தே ஓட்டலாம், ஹார்ட் டிஸ்க்கைத் தொடமாட்டேன்.