கதவு திறந்திருந்த ஒத்திகை அறை

நம் இசைப்பள்ளியில் யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் தங்கள் ஆசிரியர் பெயரைச் சொல்வார்கள். நான் முதலில் சொல்வது அங்கேயே இருந்த குவார்ட்டெட்டை, அதாவது நால்வர் வாத்தியக் குழுவைத்தான். இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, இன்னும் பெரிய, கீழ்க்குரல் கொண்ட செல்லோ ஒன்று. ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்துகொண்டிருந்த நால்வரைப் பல்கலைக்கழகம் சம்பளம் கொடுத்துத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தது. ஆண்டுக்குச் சில கச்சேரிகள், தனி வகுப்புகள், மாணவர் குழுக்களுக்குப் பயிற்சி என்று அவர்களுக்குக் கடமைகள் உண்டு. மற்ற நேரமெல்லாம் ஒத்திகைதான். வாரத்தில் ஒரு காலை அந்த ஒத்திகை அறையின் கதவை மாணவர்களுக்காகத் திறந்து வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் போய் ஓரமாக உட்காரலாம்.

அவர்களுடைய கச்சேரிகளும் அருமையாகத்தான் இருக்கும். ஆனால் மேடையில் எல்லாம் முடிந்துபோன வேலை. அது எப்படி முடிந்தது என்பதை ஒத்திகையில்தான் பார்க்க முடிந்தது.

சுருதி சேர்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சட்டென்று சேர்த்துவிட்டு வாசிக்கத் தொடங்குவோம். அவர்கள் பொறுமையாக, ஒருவர் தந்தியை இன்னொருவர் தந்தியோடு மெல்ல உரசிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். காரணத்தைச் செல்லோ வாசிப்பவர்தான் விளக்கினார். மேற்கத்திய இசையில் சுரங்களுக்கு ஏ, ஸி, ஈ என்று எழுத்துகள்தான் பெயர். ஏ தந்தியில் தொடங்கி மற்ற தந்திகளைச் சுத்தமான பஞ்சமமாக (ச-ப இடைவெளியாக) சேர்த்துக்கொண்டே போனால், செல்லோவின் அடித்தந்தியான ஸியும் வயலினின் மேல்தந்தியான ஈயும் ஒன்றோடொன்று ஒட்டாது. அந்த ஸியை ‘ச’ என்று கொண்டால் அதற்குச் சரியான காந்தாரம் எங்கே இருக்க வேண்டுமோ, அதைவிட ஈ தந்தி அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏறி நிற்கும். தனியாக வாசிக்கும்போது யாருக்கும் தெரியாது. நான்கு பேர் சேர்ந்து ஸி மேஜரில் நீளமாக ஒரு சுரக்கூட்டைப் பிடித்தால் காதில் குத்தும். அதனால் ஒவ்வொரு பஞ்சமத்தையும் மயிரிழை ஒடுக்கி, செல்லோவும் வியோலாவும் தங்கள் ஸி தந்தியைச் சற்றே தூக்கி வைத்துக்கொள்வார்கள். வியோலா மாணவியான எனக்கு இது பெரிய திறப்பு. என் தந்தி சரியா தவறா என்பதை என் கருவி மட்டும் தீர்மானிப்பதில்லை என்று அன்றுதான் புரிந்தது.

இப்படி நால்வருக்காக எழுதிய படைப்புக்கும் குவார்ட்டெட் என்றே பெயர். அந்தப் பருவத்தில் அவர்கள் ஜெர்மன் இசையமைப்பாளர் பீத்தோவனின் ஓபஸ் 59 என்ற படைப்புத் தொகுதியில் முதல் குவார்ட்டெட்டை எடுத்திருந்தார்கள். 1806-இல் எழுதியது. தொடக்கத்தில் செல்லோதான் மெட்டைப் பாடும். இரண்டாம் வயலினும் வியோலாவும் அதற்கு மேலே ஒரே சுரங்களைச் சீராகத் திரும்பத் திரும்ப வாசிக்கும். முதல் வயலின் காத்திருக்கும். கேட்பவர்கள் செல்லோவைத்தான் கேட்பார்கள். ஆனால் ஒத்திகையில் பெரும்பகுதி நேரம் அந்த நடு இருவருக்கே போயிற்று. வில் தந்தியிலேயே இருக்க வேண்டுமா, லேசாக எழும்ப வேண்டுமா? ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நீளம்? “நீ முன்னால் ஓடுகிறாய்” என்றார் வியோலாக்காரர். “செல்லோ ஓடுகிறது, நான் கூடவே போகிறேன்” என்றார் இரண்டாம் வயலின். செல்லோக்காரர் பதில் சொல்லாமல் மெட்டை மறுபடி வாசித்துக் காட்டினார். இந்த முறை ஓடவில்லை. சரி, அடுத்த வரி என்று போய்விட்டார்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யார் என்ன யோசனை சொன்னாலும், பிடிக்காதவரும் அதை முழு மனதோடு ஒரு தடவை வாசித்துப் பார்த்த பிறகே மறுப்புச் சொல்ல வேண்டும். அரைமனதாக வாசித்துவிட்டு “பார்த்தாயா, சரிவரவில்லை” என்று சொல்ல அங்கே இடமில்லை. நான் பிறகு வேலை செய்த எந்தக் குழுவிலும் இதைவிட நல்ல ஏற்பாட்டைக் கண்டதில்லை.

எங்கள் மாணவர் குழுவுக்குப் பயிற்சி கொடுக்க வந்தால், எழுந்து நின்று பாடம் நடத்தமாட்டார்கள். எங்களில் ஒருவரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து எங்களோடு வாசிப்பார்கள். இரண்டாம் வயலின் வாசிப்பவர் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மூச்சை எடுத்த விதத்திலேயே வேகம், கனம், எங்கே தொடங்குவது எல்லாம் தெரிந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எங்கள் நால்வர் வாசிப்பும் அந்த இடத்திலேயே ஒரு படி ஏறியது.

இப்படி ஒரு குவார்ட்டெட் பல்கலைக்கழகத்தில் குடியிருக்கும் வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பிரபுக்களின் மாளிகைகளில் அது முன்பே இருந்தது. ஓபஸ் 59 யாருக்குச் சமர்ப்பிக்கப்பட்டதோ, அந்த ரஷ்யப் பிரபு ரசுமோவ்ஸ்கியே 1808-இல் வியன்னாவில் தன் வீட்டுக்கென்று ஒரு குவார்ட்டெட்டை அமர்த்திக்கொண்டார். பல்கலைக்கழகத்துக்கு அது வந்த கதையை, ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் நான்காம் குவார்ட்டெட் ஒத்திகையின் இடைவேளையில் கேட்டோம். நான்காம் பகுதி முழுவதும் வில்லைத் தொடாமல் விரலால் மீட்டியே வாசிக்கும் படைப்பு அது. சில இடங்களில் தந்தி விரல்பலகையில் பட்டுத் தெறிக்கும் அளவுக்கு இழுத்து விட வேண்டும். பார்டோக் அதைச் சமர்ப்பித்தது பெல்ஜியத்தின் ப்ரோ ஆர்ட்டே குவார்ட்டெட்டுக்கு. அவர்கள் 1940 மே மாதம் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் இருந்தபோது ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் புகுந்தது. திரும்பிப் போக வழியில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவர்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. முதல் வயலின் வாசித்த அல்ஃபோன்ஸ் ஒன்னூ அந்த ஆண்டே இறந்துபோனார். ஆனால் குவார்ட்டெட் கலையவில்லை. ஆட்கள் மாறி மாறி அதே பெயரில் அங்கேயே தொடர்ந்தது. போரில் வீடிழந்த நால்வருக்குக் கிடைத்த புகலிடம், பின்னால் எத்தனையோ பல்கலைக்கழகங்களுக்கு முன்மாதிரியாயிற்று.

வியோலா வாசிப்பவளாக எனக்கு இன்னொரு கதையும் மிகவும் பிடிக்கும். இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்தில் 1971-இல் அமர்ந்த ஃபிட்ஸ்வில்லியம் குவார்ட்டெட், அப்போதுதான் மாணவப் பருவத்தைத் தாண்டிய இளைஞர்கள். ரஷ்ய இசையமைப்பாளர் ஷொஸ்டகோவிச்சின் பதின்மூன்றாம் குவார்ட்டெட்டை அவர்கள் வாசிப்பதைக் கேட்க, 1972-இல் ஷொஸ்டகோவிச்சே யோர்க்குக்கு வந்தார். ஒரு வியோலா கலைஞருக்குச் சமர்ப்பித்த படைப்பு அது. தொடக்கம் முதல் முடிவுவரை வியோலாவின் ஆட்சிதான். ஒரு பல்கலைக்கழகம் நான்கு இளைஞர்களுக்கு இடமும் நேரமும் கொடுத்ததால் நடந்த காரியம்.

நம் முன்னாள் மாணவர் சங்கம் இந்த ஆண்டு பள்ளிக்காக நிதி திரட்டுகிறது. புதிய கருவிகள், அரங்கத்து நாற்காலிகள் என்று கோரிக்கைகள் வந்திருக்கின்றன. எல்லாம் தேவைதான். ஆனால் செலவைக் குறைக்க வேண்டிய நேரம் வந்தால், நான்கு பேர் சம்பளம்தான் கணக்கில் முதலில் கண்ணில் படும். அதனால் என் பங்கைக் குவார்ட்டெட்டின் பெயருக்கே எழுதி அனுப்பியிருக்கிறேன். திறந்த ஒத்திகையை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்ற வேண்டுகோளையும் கடிதத்தில் சேர்த்திருக்கிறேன். அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் கடிதத்திலும் இதை ஒரு வரி எழுதுங்கள்.