சித்தூர் வெயிலில் புல்தரை வேண்டாம்

கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்தரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். வாசலில் 300 சதுர அடி புல் என்றால் தினம் 140 லிட்டர், மாதம் 4,200. கிட்டத்தட்ட ஒரு டேங்கர் லாரித் தண்ணீர். சித்தூரில் மார்ச் பிறந்தால் போர் இரைக்கிறது, காற்றுத்தான் வருகிறது. டேங்கருக்குப் போன் போட்டுக் காத்திருக்கும் ஊரில் கண்ணுக்கு அழகாக இருக்கிறதென்று புல்லுக்கு ஊற்ற எனக்கு மனசு வரவில்லை.

எதிர்வீட்டுப் பெண்ணிடமும் இதைத்தான் சொன்னேன். "அப்ப வெறும் சிமென்ட் போட்டுடலாமாக்கா?" என்று கேட்டாள். அது இன்னும் மோசம். வீடு தகிக்கும், பெய்கிற மழை மொத்தமும் ரோட்டுக்கு ஓடிவிடும்.

எங்கள் வாசலில் பொடுதலை விட்டிருக்கிறேன். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவோமே, அதே கொடிதான். வேர் நன்றாகப் பிடிக்கும்வரை தண்ணீர் கேட்கும், பிறகு வாரம் ஒருமுறை போதும். தரையோடு தரையாகப் படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடும். குனிந்து பார்த்தால் காம்பு நுனியில் தீக்குச்சி மருந்தளவு ஒரு கொண்டை, அதைச் சுற்றி வெள்ளையும் ஊதாவுமாகப் பொடிப்பூக்கள். காலையில் தேனீ மொய்க்கும், வெறுங்காலோடு நடக்கும்போது பார்த்து நடங்கள்.

சுற்றிலும் அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி. மதில் ஓரம் காகிதப்பூ. அதற்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் பூவே கொட்டும். செடிகளின் அடியில் மாவிலைச் சருகும் வேர்க்கடலைத் தோலும் நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு. சித்திரை நடுப்பகலில் அதை விலக்கிச் செம்மண்ணில் விரலை விட்டால் ஈரம் ஒட்டுகிறது. ஒரு முழம் தள்ளி, மூடாத இடத்தில் மண் ஓடு மாதிரி வெடித்துக் கிடக்கிறது. விரலில் ஈரம் பட்டால் அன்றைக்குத் தண்ணீர் விடுவதில்லை.

அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு, வாஷிங் மெஷினின் கடைசி அலசல் கல்வாழைக்கு. ஆர்.ஓ. கழிவு நீரை மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள். இங்கே போர் தண்ணீரே உப்பு, கழிவில் அது இன்னும் கூடும். நாளாக நாளாக மண்ணில் தங்கி இலை ஓரம் கருகும். வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடி 1,000 சதுர அடி இருந்தால் 10 மில்லிமீட்டர் மழைக்கே 900 லிட்டருக்கு மேல் விழும். அதில் ஆவியாகி, சிந்திப் போனது போக முக்கால்வாசியாவது கைக்கு வரும். குழாய் வைத்து இங்குடு குந்தாவில், அதாவது மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியில், இறக்கிவிட்டோம். அடியில் பெருங்கல், மேலே ஜல்லி, அதற்கும் மேலே மணல். மழைக்காலத்துக்கு முன்னால் மேல்மணலை வாரி அலசிப் போடவேண்டும், இல்லாவிட்டால் வண்டல் அடைத்துக்கொள்ளும்.

பொடுதலை வேண்டுமென்றால் ஐப்பசி மழை பிடித்ததும் வாருங்கள், கிள்ளித் தருகிறேன். சாண் நீளம் போதும், இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி நடுங்கள்.