வெள்ளீயத்துக்கு ஒரு இசை

மார்ச் 3
பியானோவுக்காக ஒரு சிறு இசைக்கோவை எழுதத் தொடங்கிவிட்டேன். கரு, வெள்ளீயம். மெல்லிய வெள்ளீயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் நெறுநெறுவென்று ஒரு சத்தம் வரும். அதை வெள்ளீயத்தின் அழுகை என்பார்கள். உள்ளே இருக்கும் படிகங்களின் பகுதிகள் சட்டென்று கண்ணாடிப் பிம்பம்போலத் திரும்பிக்கொள்வதால் எழும் ஒலி அது. இன்று பத்து தடவையாவது வளைத்துக் கேட்டிருப்பேன்.

மார்ச் 5
ஏழு சுர மெட்டு ஒன்றை எழுதி, அதைத் தலைகீழாக்கிப் பார்த்தேன். ஏறுவது இறங்கியது, இறங்குவது ஏறியது. வெறும் பயிற்சிப்பாடம் மாதிரி இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: படிகம் முழுவதுமாகத் திரும்புவதில்லை, பட்டை பட்டையாகத்தான் திரும்புகிறது. அதனால் இங்கே இரண்டு சுரம், அங்கே மூன்று சுரம் மட்டும் புரட்டினேன். மெட்டு வலியோடு வளைந்தது. இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9
13.2 பாகை செல்சியஸுக்குக் கீழே வெள்ளீயம் மெல்ல மெல்லச் சாம்பல் நிறத்துக்கு மாறக்கூடும். அப்போது கன அளவு ஏறக்குறைய 27 விழுக்காடு கூடும், உலோகம் பொடிந்து உதிரும். ஒவ்வொரு சுற்றிலும் சுர இடைவெளிகள் அகன்றுகொண்டே போகும்படி ஒரு பகுதி எழுதினேன். கேட்டால் பயமுறுத்துகிறது, அவ்வளவுதான். அது வெள்ளீயத்தின் நோய், குணமில்லை. நீக்கிவிட்டேன்.

மார்ச் 14
வெள்ளீயக் கட்டியைத் தட்டினால் டொக் என்று அடங்கிவிடும். ஆனால் மணி வார்க்கும் வெண்கலத்தில் செம்பு சுமார் 78 பங்கு, வெள்ளீயம் 22 பங்கு. மெத்தென்ற இரண்டு உலோகங்கள் சேர்ந்து கடினமாகி, அதிர்வை நெடுநேரம் தாங்குகின்றன. தான் ஒலிக்காமல் இன்னொன்றை ஒலிக்கவைக்கும் இந்தக் குணம்தான் என் இசையின் மையமாக வேண்டும்.

பியானோவில் அதற்கு வழி இருக்கிறது. வலது கையால் சில கட்டைகளைச் சத்தமில்லாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் கீழ்ச் சுரம் ஒன்றைச் சுருக்கென்று தட்டி எடுத்தால், பிடித்திருக்கும் தந்திகள் தாமாகவே அதிரும். நன்றாகச் சுருதி சேர்த்த தேவாலய மணிகளில் ஆதார சட்ஜத்தோடு சாதாரண காந்தாரமும் (இரண்டு காந்தாரங்களில் தாழ்ந்தது) பஞ்சமமும் மேல் சட்ஜமும் கேட்கும். அந்த நான்கையும் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்தாயி கீழே உள்ள மந்தர சட்ஜத்தைத் தட்டினேன். பஞ்சமமும் இரு சட்ஜங்களும் எழுந்தன. காந்தாரம் மட்டும் எழவில்லை.

மார்ச் 15
இரவெல்லாம் அந்தக் காந்தாரம்தான் மனதில். ஒரு தந்தியைத் தட்டினால் அதன் சுரத்தோடு மேலே மெலிதாகச் சில மேற்சுரங்களும் எழும்; அவற்றோடு ஒத்துப்போகும் தந்திகள்தான் தாமாக அதிரும். அந்த இயல்பான மேற்சுர வரிசையில் முதலில் வரும் காந்தாரம், உயர்ந்ததான அந்தர காந்தாரம்; மணியில் இருப்பதோ சாதாரண காந்தாரம். சரி, வேறு சுரத்தைத் தட்டிப் பார்ப்போம் என்று மந்தர சட்ஜத்துக்கும் கீழே உள்ள சுத்த தைவதத்துக்குப் போனேன். அதன் இரண்டாம் மேற்சுரம் சரியாகச் சாதாரண காந்தாரம்! தட்டியதும் மெல்லிய இழையாக எழுந்தது. கண் கலங்கிவிட்டது.

மார்ச் 21
முடித்துவிட்டேன். முதல் பாதி அழுகை, இரண்டாம் பாதி மணி. கடைசிப் பக்கத்தில் வலது கைக்கு எல்லாமே வைர வடிவக் குறிகள்: அழுத்தவேண்டும், ஒலிக்கக்கூடாது. இடது கை சட்ஜத்தையும் தைவதத்தையும் மாறி மாறித் தொடும். கடைசித் தட்டலுக்குப் பிறகு, ஒலி முழுவதும் கரையும்வரை வலது கையை எடுக்கவேண்டாம் என்று எழுதியிருக்கிறேன்.