2000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம்

நானே செய்கிற ஸ்பீக்கர் பெட்டியில் பாட்டுப் போட்டால் குறை ஒன்றும் தெரியாது. அடி இருக்கிறது, சிலுசிலுப்பும் இருக்கிறது. யாராவது மைக்கைப் பிடித்துப் பேசினால்தான் வண்டவாளம் வெளியே வரும். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு பேசுகிற மாதிரி கேட்கும். மூன்று வாரமாக என்னை ஆட்டிவைத்த அந்தத் துண்டு நேற்று ராத்திரிதான் அவிழ்ந்தது.

அடிச் சத்தத்துக்கு 12 இஞ்ச் வூஃபர், மேல் சத்தத்துக்குப் புனல் மாதிரி ஹார்னில் 1 இஞ்ச் கம்ப்ரஷன் டிரைவர், இரண்டும் 8 ஓம். சத்தத்தை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கிற கிராஸ்ஓவருக்கு, முதலில் 3000 வாட் என்று அச்சடித்த ரெடிமேட் போர்டு ஒன்றை வாங்கித் தொலைத்தேன். டிரைவருக்கு ஒற்றைக் கெப்பாசிட்டர், வூஃபருக்கு நூல் கனத்தில் ஒரு காயில், அவ்வளவுதான். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். சரி, நாமே செய்வோம் என்று 2000 ஹெர்ட்ஸில் பிரிக்கிற இரண்டாம் ஆர்டர் லிங்க்விட்ஸ்-ரைலி போட்டேன், அதாவது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு காயில், ஒரு கெப்பாசிட்டர். கணக்குப்படி காயில் 1.27 மில்லிஹென்றி, கெப்பாசிட்டர் 5 மைக்ரோஃபேரட்.

காயில் சுற்றுவதுதான் இதில் பெரிய வேலை. இரும்புக் கோர் வைத்தால் கம்பி மிச்சம், ஆனால் வால்யூம் ஏற ஏறக் கோர் நிரம்பிச் சத்தம் கிழியும். அதனால் ஏர் கோர்தான். கோவையில் மோட்டார் ரீவைண்டிங் கடைகளுக்குப் பஞ்சமில்லை. 18 கேஜ் எனாமல் கம்பியை எடை போட்டு வாங்கலாம். 40 மில்லிமீட்டர் பிவிசி பைப் துண்டு, இரண்டு பக்கமும் பிளைவுட் வட்டம், நடுவில் 25 மில்லிமீட்டர் இடைவெளி. 180 சுற்று சுற்றி, மீட்டரைப் பார்த்துப் பார்த்து ஏழெட்டுச் சுற்று அவிழ்த்தேன். கிட்டத்தட்ட 30 மீட்டர், 300 கிராம் செம்பு. ஒரு வரிசை கோணினால் மேலே வருகிற வரிசையெல்லாம் கோணும். குரல் சரியில்லை என்றதும் காயில் மேல் பழியைப் போட்டு இரண்டு முறை பிரித்துச் சுற்றினேன். பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை.

அப்புறம் மொட்டை மாடியில் மைக்கை வைத்து, அடியிலிருந்து கீச்சுவரை ஏறிக்கொண்டே போகிற ஸ்வீப் சத்தத்தை ஓட்டினேன். (தெரு நாய்கள் மொத்தமும் கூடச் சேர்ந்து பாடின.) 2000 ஹெர்ட்ஸில் சத்தம் இறங்கி நல்ல பள்ளம். வூஃபர் 8 ஓம் என்பது பேருக்குத்தான். அதற்குள் இருக்கிற வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸ் 1 மில்லிஹென்றி இருந்தால் 2000 ஹெர்ட்ஸில் அது மட்டுமே பன்னிரண்டரை ஓம் காட்டும். நம் கணக்கு எங்கே நிற்கும்? 6.8 ஓம் ரெசிஸ்டரோடு இரண்டு 10 மைக்ரோஃபேரட் போட்டு, அந்த ஓம் ஏற்றத்தைச் சமன்செய்கிற ஸோபெல் சர்க்யூட்டை வூஃபருக்குக் குறுக்கே கட்டினேன். பள்ளம் நிரம்பும் என்று பார்த்தால் இன்னும் ஆழமாகிவிட்டது!

கடுப்பில் ஒரு நாள் அப்படியே போட்டுவிட்டேன். மறுநாள் உறைத்தது. பள்ளம் ஆழமாகிறது என்றால் வூஃபரும் டிரைவரும் ஒன்றையொன்று கச்சிதமாக வெட்டிக்கொள்கின்றன என்று அர்த்தம். இரண்டாம் ஆர்டருக்கு ட்வீட்டர் (இங்கே அந்த டிரைவர்தான்) வயரைத் திருப்பிப் போடு என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். நானும் திருப்பித்தான் போட்டிருந்தேன். ஆனால் புத்தகம், இரண்டு ஸ்பீக்கரும் ஒரே தளத்தில் இருப்பதாக வைத்துக்கொள்கிறது. என் ஹார்னில் டிரைவர், வூஃபரின் வாய்ஸ் காயிலுக்கு 8 சென்டிமீட்டர் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. 2000 ஹெர்ட்ஸின் அலைநீளம் 17 சென்டிமீட்டர். கிட்டத்தட்டப் பாதி அலை! புத்தகம் திருப்பியதை ஹார்ன் மறுபடி திருப்பிவிட்டது.

பிளஸ் மைனஸை நேராக மாற்றினேன். பத்து பைசா செலவில்லை. பேச்சு பளிச்சென்று முன்னால் வந்து நின்றது. இனி எந்தப் பெட்டி செய்தாலும் வயரை இரண்டு விதமாகவும் மாற்றிப் பார்த்து, ஆழமான பள்ளம் விழுகிற பக்கத்துக்கு நேர் எதிராகத்தான் சால்டர் வைப்பேன்.

டிரைவர் வூஃபரைவிட 10 டெசிபல் கத்துகிறது, 5.6 ஓம், 3.9 ஓம் ரெசிஸ்டர்களை வைத்து அடக்கியிருக்கிறேன். சிமென்ட் ரெசிஸ்டர் நன்றாகச் சுடுகிறது, பிளைவுட்டிலிருந்து தூக்கி வைக்க வேண்டும்.

பேஸ் பெட்டிக்கு இந்தச் சுற்றல் வேலையே வேண்டாம். 100 ஹெர்ட்ஸுக்கு 25 மில்லிஹென்றி வேண்டுமாம். அந்தச் செம்புக்காசில் ஆம்புக்கு முன்னாலேயே பிரிக்கிற ஒரு ஆக்டிவ் கிராஸ்ஓவரும் இன்னொரு ஆம்பும் வந்துவிடும். பேஸ் பெட்டிக்கு 18 இஞ்ச் வூஃபரா, இரண்டு 15 இஞ்சா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்கு முன் இதே மாதிரி இரண்டாவது டாப் பெட்டிக்குக் காயில் சுற்ற வேண்டும். கம்பி தீர்ந்துவிட்டது, திங்கள்கிழமை போய் வாங்க வேண்டும்.