வெட்டுக்கோடு கலங்கும் நேரம்

ஜனவரி 6
குலசேகரத்தில் விடியற்காலை மலைக்காற்று குளிரத் தொடங்கிவிட்டது. ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் இறங்கினால் இடது கண் ஒழுகுகிறது. ஒழுகினால் துடைத்துக்கொள்ளலாம், அது காரியமில்லை. பால் வடிய மரப்பட்டையில் கத்தியால் கீறும் வெட்டுக்கோடு கலங்குவதுதான் தொல்லை. இமைத்தால் தெளிகிறது, கத்தி ஒரு சாண் நகர்வதற்குள் மறுபடி மங்குகிறது. பட்டையில் கடைசி ஒரு மில்லிமீட்டரை விட்டு வெட்டணும். ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், அங்கே பட்டை முண்டு முண்டாக வளரும்.

ஜனவரி 9
கண்ணாடிக் கடையில் பவரை மாற்றச் சொன்னார்கள். கண்ணைத் துடைக்காமல் பார்த்தபோது ஒரு பவர், துடைத்துவிட்டுப் பார்த்தபோது வேறு பவர். இதில் எதைப் போடுவது? திரும்பி வந்துவிட்டேன்.

ஜனவரி 13
நாகர்கோவிலில் கண் டாக்டரம்மா மூக்கோரம் விரலால் அழுத்தினார். கண் மூலையில் சளி போல வந்தது. பிறகு இமை ஓரத்துச் சின்னத் துளையில் உப்புநீர் செலுத்தினார். வலது கண்ணில் விட்டது தொண்டையில் கரித்தது. இடது கண்ணில் விட்டது மேல் இமைத் துளை வழியாக வெளியே வந்தது. கண்ணீர்ப் பைக்குக் கீழே, மூக்குக்குப் போகும் குழாய் அடைப்பாம்.

பார்வை ஏன் மங்குகிறது என்று கேட்டேன். கண்ணுக்குள் போகும் ஒளி முதலில் வளைவதே கண்ணீர்ப் படலத்தில்தானாம். படலம் மெல்லிசாக, சமமாக இருக்கணும். வடியாத நீர் கீழ் இமையோரம் தேங்கிச் சளியும் கலந்தால் அது மேடுபள்ளமாகிவிடும். குனிந்து பார்க்கும்போது அந்தத் தேக்கத்தின் வழியாகவே பார்க்கிறோம். எதிரே வரும் வண்டி லைட் சிதறுவதும் அதனால்தான். கண் வறண்டாலும் நீர் வடியுமாம், அதையும் சோதித்துவிட்டு இல்லை என்றார்.

ஜனவரி 14
பொங்கலுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் நந்தியாவட்டைப் பூ, இன்னொருவர் தாய்ப்பால். பேரனுக்குப் பிறந்தபோது இதே அடைப்பு இருந்தது, மூக்கோரம் தடவிவிட்டு ஒரு வயதுக்குள் சரியானது. வீட்டுக்காரி, “ஒங்களுக்கும் தடவி விடட்டா?” என்றாள். வயசான ஆளுக்கு அது திறக்காது என்று டாக்டரம்மா முன்பே சொல்லிவிட்டார்.

ஜனவரி 21
ஆபரேஷன்தான். கண்ணீர்ப் பையிலிருந்து மூக்குக்குப் புது வழி போடுவார்கள். இடது கண்ணில் புரையும் தொடங்கியிருக்கிறது. ஆனால் பையில் சளி தேங்கியிருக்கும்போது புரை ஆபரேஷன் செய்தால் கிருமி கண்ணுக்குள் போகலாம் என்பதால் அது பிறகு. பிப்ரவரியில் தேதி கேட்டிருக்கிறேன். இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் காலம், கூலியும் போகாது. கொஞ்ச நாள் மூக்குச் சிந்தக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டையும் எடுத்து வரச் சொன்னார்கள்.