குப்பை கொட்டிய கரை எங்கே? கரீபியனில் கடல் கண்ணாடி தேடி

கரீபியன் தீவுகளுக்குக் கப்பலில் போகிறவர்களுக்கு, இறங்கும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு கடற்கரையைத் தயாராக வைத்திருப்பார்கள். வெள்ளை மணல், நீலத் தண்ணீர், சாய்வு நாற்காலி, குடை. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் கடல் கண்ணாடி தேடுகிறவர்களுக்கு அங்கே வேலையில்லை. காலையில் ஆள் வைத்து வாரிச் சுத்தம் செய்கிற மணலில் கண்ணாடிச் சில்லு எப்படிக் கிடைக்கும்? நமக்கு வேண்டியது, நூறு இருநூறு வருடத்துக்கு முன்னால் அந்த ஊர்க்காரர்கள் குப்பை கொட்டிய கரை. அதனால் எந்தத் தீவில் இறங்கினாலும் நானும் அக்காவும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "பழைய காலத்தில் ஊர்க்குப்பையை எங்கே கொட்டினார்கள்?" சிலர் விழித்தார்கள். சிலர் உடனே கையை நீட்டிக் காட்டினார்கள். காட்டிய இடமெல்லாம் சுற்றுலாத் துண்டறிக்கையில் இல்லாத இடங்கள்.

கடல் கண்ணாடி பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உடைந்த பாட்டிலோ கிண்ணமோ கடலில் விழுகிறது. அலையும் மணலும் கூழாங்கல்லும் அதை உருட்டி உருட்டிக் கூர் மழுக்குகின்றன. அது பாதி வேலை. மீதியைச் செய்வது உப்புத் தண்ணீர். சாதாரணக் கண்ணாடி என்பது மணலோடு சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உருக்கியது. கடல்நீர் மேற்பரப்பில் இருக்கும் சோடாவையும் சுண்ணாம்பையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்க, அங்கே நுண்ணிய குழிகள் விழுகின்றன. அந்த மங்கல் அப்படி வருவதுதான். நன்றாக விளைந்த ஒரு சில்லுக்கு முப்பது நாற்பது வருடமாவது ஆகும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் வைத்துப் பார்த்தால், உடம்பெல்லாம் சின்னச் சின்னப் பிறை வடிவ வடுக்கள் தெரியும். துறைமுகக் கடைகளில் ஒரே அளவில், ஒரே நீலத்தில் கோத்து விற்கும் மாலைகளையும் லென்ஸில் பார்த்தேன். வடுவே இல்லை. எந்திரத்தில் போட்டு உருட்டியதோ அமிலத்தில் முக்கியதோ தான் அப்படி வழவழவென்று இருக்கும். காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இதைப் பார்த்து வாங்குங்கள்.

எங்கள் கப்பல் புறப்பட்டது புவெர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானிலிருந்து. ஏறுவதற்கு முன் பழைய நகரத்தைச் சுற்ற நேரம் இருந்தது. அந்த ஊரே மதிலுக்குள் இருக்கிறது. 1539இல் ஸ்பானியர்கள் கட்டத் தொடங்கிய எல் மோரோ கோட்டை ஒரு முனையில், சான் கிறிஸ்டோபல் கோட்டை இன்னொரு பக்கம், நடுவே அட்லாண்டிக்கைப் பார்த்த நெடுமதில். மதிலுக்கும் கடலுக்கும் இடையில் ஒட்டிக்கொண்டு லா பெர்லா என்ற குடியிருப்பு. ஊருக்குள் இருக்கக் கூடாது என்று மாடு அறுக்கும் இடத்தையும், இடுகாட்டையும், விடுதலையான அடிமைகளின் வீடுகளையும் அந்தக் காலத்தில் மதிலுக்கு வெளியே தள்ளியிருக்கிறார்கள். அப்படி உண்டான இடம் அது. மதில் சூழ்ந்த ஊரில் குப்பை போவதும் அதே திசையில்தான். நம் ஊர்களில் எதை எதை ஊருக்கு வெளியே வைத்தார்கள் என்று தெரிந்த யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கோட்டையும் மதிலும் அவற்றின் அடிவாரத்து நடைபாதையும் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் கையில் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது, கண்ணாடியும் அப்படித்தான். அலை இழுக்கும்போது கற்களுக்கு இடையே பச்சையும் பழுப்புமாகப் புரள்வதைப் பார்த்துக்கொண்டே நடந்தோம், தொடவில்லை. இது கட்டாயம் விசாரித்துக்கொள்ள வேண்டிய விஷயம்: எந்தக் கரையில் எடுக்கலாம், எதில் கூடாது என்பது தீவுக்குத் தீவு மாறும். பவளத்துண்டையும் சங்கையும் எங்குமே எடுக்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது செயின்ட் குரோய். இந்தப் பயணத்தில் என் மனசில் ஆழமாக இறங்கிய தீவு இதுதான். கப்பல் நிற்பது ஃப்ரெடரிக்ஸ்டெட் என்ற சிற்றூரில். நீளமான பாலத்தில் நடந்து கரையேறினால் எதிரே செக்கச்செவேலென்று வண்ணம் அடித்த கோட்டை. டேனியர்கள் கட்டியது. 1848 ஜூலை 3ஆம் தேதி ஆயிரக்கணக்கான அடிமைகள் இங்கே திரண்டு விடுதலை கேட்க, ஆளுநர் பீட்டர் ஃபான் ஷோல்டன் அன்றைக்கே விடுதலையை அறிவிக்க வேண்டியதாயிற்று. 1917இல் டென்மார்க் இந்தத் தீவுகளை 2.5 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றது.

கூட வந்தவர்கள் டாக்ஸி பிடித்து நீச்சல் கடற்கரைக்குப் போனார்கள். நாங்கள் கோட்டை ஓரமாகவே நடந்தோம். கரீபியனின் பெரும்பாலான தீவுகளில் ஓத ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு அடிதான். ஆகவே வற்றத்துக்காகக் காத்திருப்பதைவிட, பெரிய அலை அடித்து ஓய்ந்த மறுநாள் போவதுதான் பலன் தரும். மணல் கழுவிப்போய்க் கூழாங்கல் வரிசை வெளியே தெரியும். அந்தக் கல்வரிசையில்தான் கண்ணாடி தங்கும். தன் அளவும் கனமும் உள்ள கற்களோடு சேர்த்து அலை அதையும் ஒதுக்கிவிடுகிறது. சூரியனை எதிரே வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தால் ஒளி ஊடுருவிச் சில்லு தானாக மின்னும். நின்ற இடத்திலேயே உட்கார்ந்து கற்களை விரலால் விலக்கிப் பார்ப்பது அக்காவின் வழி. என்னைவிட அவளுக்குத்தான் எப்போதும் அதிகம் கிடைக்கும்.

"இங்க வாடி, இது கல்லா, கண்ணாடியா பாரு" என்று நீட்டினாள். உள்ளங்கையில் கன்னங்கரேலென்று ஒரு துண்டு. ஒரு பக்கம் வளைந்து குழிந்திருந்தது. கல் என்றுதான் யாரும் எறிந்துவிடுவார்கள். வெயிலுக்கு நேரே பிடித்தோம். மெல்லிய விளிம்பில் அடர்ந்த ஆலிவ் பச்சை எட்டிப் பார்த்தது. பழைய ரம், ஒயின் பாட்டிலின் அடிப்பாகம். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இரும்புச் சத்து மிகுந்த மணலை உருக்கிச் செய்த கெட்டிப் பாட்டில்கள் இந்த நிறத்தில்தான் இருந்தன. சேகரிப்பவர்கள் கறுப்புக் கண்ணாடி என்பார்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழி, கடுகளவு, கொஞ்சம் நீண்டு. ஊதுகுழலில் வாய் வைத்து ஊதிய ஒருவரின் மூச்சு நெருப்பில் இறுகி, கடல் தாண்டி வந்து, கரும்புத் தோட்டத்து முதலாளி வீட்டு மேசையில் காலியாகி, கடைசியில் இந்தக் கரையில் கிடக்கிறது. அந்தக் குமிழியை எத்தனை தரம் பார்த்தேனோ தெரியவில்லை.

செயின்ட் குரோயில் கண்ணாடியைவிட ஊர்க்காரர்கள் கொண்டாடுவது இன்னொன்றை. சேனி என்கிறார்கள். டேனியர் காலத்துப் பீங்கான் தட்டு, கோப்பைகளின் உடைசல். வெள்ளைமீது நீலக் கோடு, இலை, பூ. மழை பெய்தால் பழைய தோட்டங்களின் மண்ணிலிருந்து மேலே வரும், கரையிலும் ஒதுங்கும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் அதை வட்டமாகத் தேய்த்து விளையாட்டுக் காசாக வைத்துக்கொண்டார்களாம். இப்போது உள்ளூர்ப் பொற்கொல்லர்கள் வெள்ளிச் சட்டம் கட்டிப் பதக்கமாக்குகிறார்கள். கரையில் நாங்கள் தேடுவதைப் பார்த்து நின்ற ஒரு பாட்டி, தன் கழுத்தில் தொங்கியதை எடுத்துக் காட்டி, "இது என் அம்மா தோட்டத்தில் கிடைத்தது" என்றார். எசமானின் தட்டு உடைந்து, அதில் பரிமாறியவர்களின் பேத்தி கழுத்தில் நகையாகி இருக்கிறது. இந்த ஒரு காட்சிக்காகவே அந்தத் தீவுக்கு இன்னொரு முறை போகலாம்.

நிறங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழுப்பும் பச்சையும் வெள்ளையும் எங்கும் கிடைக்கும். பீர், ரம், சோடா. அடர்நீலம் அரிது, ஏனென்றால் அந்த நிறத்தில் வந்தவை மருந்துப் பாட்டில்கள். நம் வீட்டு அலமாரியில் இருந்த பழைய விக்ஸ் குப்பியின் நீலம்தான். இளம் ஊதா கிடைத்தால் அது முதல் உலகப் போருக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடியின் பச்சைச் சாயலைப் போக்க அப்போது மாங்கனீஸ் சேர்த்தார்கள். வருடக்கணக்கில் வெயில் பட்டால் அது ஊதாவாகத் திரும்பும். சிவப்பு எல்லாவற்றையும்விட அரிது. கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, அந்த விளக்குக் கண்ணாடி உடைந்தால் உண்டு. எங்களுக்குச் சிவப்பு கிடைக்கவில்லை.

பார்பேடாஸில் பிரிட்ஜ்டவுனிலிருந்து பஸ் பிடித்து வடக்கே ஸ்பைட்ஸ்டவுனுக்குப் போனோம். சர்க்கரைக் காலத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டலோடு நேரடியாக வணிகம் நடந்த துறை. இப்போது மீன்பிடிப் படகுகளும் பழைய மர பால்கனி வீடுகளுமாக அமைதியாக இருக்கிறது. ரம்முக்குப் பேர்போன தீவாயிற்றே, பழுப்பும் வெள்ளையும் நிறையக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு கண்ணாடிக் கோலி. முழு உருண்டை, இளம் பச்சைநீலம், மேலெல்லாம் மங்கல். கையில் எடுத்ததும் இருவரும் ஒரே நேரத்தில் "கோலி சோடா!" என்று கத்திவிட்டோம். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. ஆங்கிலேயர் ஆண்ட ஊர்களில் எல்லாம் பரவியது. மற்ற நாடுகளில் அநேகமாக மறைந்துபோனதை நாம் இன்னும் பெட்டிக்கடையில் டப்பென்று உடைத்துக் குடிக்கிறோம். இது சோடா பாட்டிலிலிருந்து வந்ததோ, ஒரு பிள்ளை விளையாடித் தொலைத்ததோ. அந்த நிறம் மட்டும் அச்சு அசல் நம் பாட்டில் நிறம்.

மார்டினிக்கில் கப்பல் நிற்பது ஃபோர்ட் டி ஃபிரான்ஸில். நாங்கள் டாக்ஸி பேசி முப்பது கிலோமீட்டர் வடக்கே செயின்ட் பியருக்குப் போனோம். ஒரு காலத்தில் கரீபியனின் பாரிஸ் என்று பேர் வாங்கிய ஊர். 1902 மே 8, காலை எட்டு மணி கொஞ்சம் தாண்டியிருக்கும். பெலே மலை வெடித்து எரிமேகம் இறங்கியதில் சில நிமிடங்களில் ஊர் அழிந்தது. ஏறக்குறைய 28,000 பேர் இறந்தார்கள். பிழைத்த ஒரு சிலரில் ஒருவர் சிப்பாரிஸ் என்ற கைதி, தடித்த சுவர்ச் சிறைக்குள் இருந்ததால். அந்தச் சிறையறை இன்னும் நிற்கிறது. அருங்காட்சியகத்தில் நசுங்கிய தேவாலய மணியும், உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கண்ணாடிப் பாத்திரங்களும் இருக்கின்றன. கண்ணாடி இளக 600, 700 டிகிரி வெப்பம் வேண்டும். அதைக் கேட்ட பிறகு அக்கா வெகுநேரம் பேசவில்லை.

கடற்கரை கறுப்பு மணல். கறுப்பில் வெள்ளைச் சில்லு பளிச்சென்று தெரிகிறது, தேடவே வேண்டாம். உருகி முறுக்கிய மாதிரி ஒரு துண்டு கண்ணில் பட்டது. அன்றைய நெருப்பில் உருகியதா, யாரோ மூட்டிய தீயில் உருகியதா, யார் சொல்ல முடியும்? அதை அங்கேயே வைத்துவிட்டேன். அத்தனை பேர் எரிந்துபோன கரையில் எனக்கு எடுக்க மனம் வரவில்லை.

இன்னொன்று. அடிமை முறை ஒழிந்த பின் கரும்பு வெட்ட ஆளில்லாமல், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம் மக்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். அவர்களை ஏற்றிய முதல் கப்பல் ஒரேலி 1853 மே மாதம் மார்டினிக் வந்து சேர்ந்தது. அதன் பிறகு வந்தவர்கள் சுமார் 25,000 பேர், பெரும்பாலோர் தமிழர். எங்கள் டாக்ஸிக்காரரிடம் நாங்கள் தமிழர் என்றதும் வண்டியை ஓரம் கட்டினார். அறுபது வயசு இருக்கும். அவருடைய பாட்டனாரின் தாயார் புதுச்சேரியிலிருந்து வந்தவராம். தமிழ் ஒரு சொல்லும் வராது, ஆனால் வடக்கே பாஸ் புவான்ட் ஊரில் மாலியெமென் கோயில் இருக்கிறது என்றார். மாரியம்மன். திரும்பும் வழியில் அவரே ஒரு கடையில் நிறுத்தி ஆட்டுக்கறி கொலம்போ வாங்கிக் கொடுத்தார், காசு வாங்க மாட்டேன் என்றார். மல்லி, சீரகம், மஞ்சள் வாசனை. "நம்ம வீட்டுக் குழம்புதாண்டி" என்றாள் அக்கா.

இனி போக வேண்டியது செயின்ட் யூஸ்டேஷியஸ். பெரிய கப்பல்கள் நிற்காத குட்டித் தீவு. செயின்ட் மார்ட்டினிலிருந்து சிறு விமானத்தில் போகலாம். டச்சுக்காரர்கள் ஆம்ஸ்டர்டாமில் செய்து கொண்டுவந்த ஐந்து பட்டை நீலக் கண்ணாடி மணிகள் அங்கே கடலில் இன்னும் கிடைக்கின்றன. 1863இல் விடுதலை வந்த நாளில் அடிமைகள் அவற்றை மகிழ்ச்சியில் கடலில் வீசினார்கள் என்று தீவில் ஒரு கதை உண்டு. அக்கா இப்போதே விமான நேரம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.